பஸ் மிதித்த குதிரைவாலி

நறநற என்று ஒரு சத்தம். இந்த வாரம் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தை மாதத்து வெயில் இதமாக இருந்தது. எங்கள் ஊர் அய்யனார் கோயில் வேப்பமரத்து நிழலில் ஊரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு இலையிலும் குதிரைவாலிச் சர்க்கரைப் பொங்கல். நெய்யும் ஏலக்காயும் கலந்த வாசம் மெயின் ரோடு வரை போய், பஸ்ஸில் போகிறவர்களையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

எங்கள் காட்டில் விளைந்து, எங்கள் ஊர் மெஷினில் உமி நீங்கி, எங்கள் ஊர்ப் பானையில் பொங்கிய முதல் பொங்கல். முதல் வாய் நான்தான் வைக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். நியாயம்தானே. நான் இல்லாமல் அந்த மெஷின் ஊருக்குள் வந்திருக்குமா?

வைத்தேன். கடித்தேன். கடைவாயில் நற என்றது.

எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும் என்று நினைத்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல், "அமிர்தம்" என்றேன். என் பேச்சை நம்பி ஊரே அள்ளி வாயில் போட்டது. அப்புறம் கேட்டது பாருங்கள் ஒரு சத்தம். பெரியவர், சிறியவர், பல் உள்ளவர், பல் செட் வைத்தவர், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நறநற. இப்படி ஒரு கச்சேரியை நான் எந்தத் திருவிழாவிலும் கேட்டதில்லை.

ஒவ்வொருவராக நாக்கு நுனியில் தேடி, விரலில் எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். குருணை மாதிரி கல். சிலது வெள்ளை, சிலது கன்னங்கரேல் என்று பளபளத்தது.

என் வீட்டுக்காரி பந்தியின் அந்தக் கோடியிலிருந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள். "ஏங்க, அமிர்தத்துக்கும் ஜல்லி போட்டுருக்காகளா?"

சிரிப்பு வேப்பமரத்துக்கு மேலே போனது. நானும் சிரித்தேன். சிரிக்காதவள் ஒருத்திதான். சண்முகத்தாய். கரண்டியைப் பானைக்குள்ளேயே விட்டுவிட்டு, கோயில் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் ஏன் சிரிக்கவில்லை என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தும்மாத ஆள்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. மூன்றாம் வகுப்பில் என் சிலேட்டு உடைந்தது. புதுச் சிலேட்டு வாங்க வீட்டில் வழியில்லை. அதோடு படிப்பும் உடைந்தது.

பிறகு அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் மூடை தூக்கினேன். வத்தல் மூடை தூக்குகிறவன் தும்மாமல் இருக்க முடியாது. நெடி அப்படி. நான் தும்மாமல் தூக்குவேன். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வருவார்கள். முதலாளிக்கு என்னைப் பிடித்துப்போனது அந்த மூக்கினால்தான். இன்றைக்கும் ஒரு கை வத்தலை மோந்து பார்த்து, இது பரளச்சிக் கரிசலா, நரிக்குடிப் பக்கமா என்று சொல்லிவிடுவேன். படித்தவர்கள் அதற்கு ஏதோ கருவி வைத்திருக்கிறார்களாம். வைத்துக்கொள்ளட்டும்.

மூடையிலிருந்து தள்ளுவண்டி, தள்ளுவண்டியிலிருந்து மினி வேன், அதிலிருந்து லாரி. எல்லாம் இந்த இரண்டு கையால் வந்தது.

அந்த லாரிதான் எனக்கு ஒரு விஷயத்தைக் கற்றுக்கொடுத்தது. போகும்போது எங்கள் ஊர்க் குதிரைவாலியை மூடை மூடையாக வெளியூர் மில்லுக்கு ஏற்றிப்போவேன். திரும்பி வரும்போது அதே குதிரைவாலி வெள்ளை அரிசியாக, பளபளவென்று பாக்கெட்டில், படத்தோடு வரும். அருப்புக்கோட்டைக் கடையில் அடுக்கி வைப்பார்கள். அதை விளைவித்தவன் விலையைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற ரேஷன் கடைக்கு நடப்பான்.

போகிற லோடுக்கும் வாடகை எனக்கு. வருகிற லோடுக்கும் வாடகை எனக்கு. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் ஒருநாள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே யோசித்தேன். உமியை எடுக்கிற வேலை ஒன்றுதான் நடுவில் நடக்கிறது. அந்த ஒரு வேலைக்காக நம் ஊர்த் தவசம் தானியமும் போகிறது, நம் ஊர்ப் பெண்களின் கூலியும் வெளியூருக்குப் போகிறது. உமியை இங்கேயே எடுத்தால் என்ன?

மைக்கில் பேசியது

ஒரு வருஷம் அலைந்தேன். மகளிர் குழுவுக்கு ஒரு திட்டத்தில் உமி நீக்கும் மெஷின் கிடைத்தது. ரோட்டோரம் சும்மா கிடந்த என் குடோனைக் கொடுத்தேன். ஊர்க் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, இனிமேல் இந்த ஊருக்கு வெளியிலிருந்து உப்பைத் தவிர எதுவும் வர வேண்டியதில்லை, தன்னிறைவு கிராமம் என்றால் என்ன என்று நாலு ஊருக்குக் காட்டுவோம் என்றேன். கைதட்டல் அடங்க நேரமானது. நான் நன்றாகப் பேசுவேன்.

அந்தக் கைதட்டலை நம்பித்தான் சண்முகத்தாய் வேலையை விட்டாள்.

எங்கள் பக்கத்தில் விடிந்தும் விடியாமல் ஸ்பின்னிங் மில் வேன் வரும். ரோட்டில் நின்று ஹாரன் அடிக்கும். பாதிச் சோற்றைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு பெண்கள் ஓடுவார்கள். திரும்பி வரும்போது தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். சண்முகத்தாய் கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த ஹாரனுக்கு எழுந்தவள். மகளிர் குழுவுக்குத் தலைவி ஆனதும், மெஷினை ஓட்ட முழுநேர ஆள் வேண்டும் என்பதால், அவளும் இன்னும் நாலு பேரும் வேன் சீட்டை விட்டுவிட்டு வந்தார்கள். ஊர்க்காரர்கள் தவசத்தைக் கொண்டுவந்து கொட்டினால்தான் அவர்களுக்குக் கூலி. கொட்டாவிட்டால் மறுபடியும் வேன்தான்.

இப்போது தெரிகிறதா, ஊரே நறநறவென்று கடித்தபோது அவள் காதில் எந்தச் சத்தம் கேட்டிருக்கும் என்று?

தீக்குச்சியில் வந்த வாசம்

பந்தி முடிந்ததும் குடோனுக்குப் போனோம். மெஷினைப் பொருத்திக்கொடுத்த காதர் பாயும் வந்திருந்தார். சவுதியில் பேரீச்சம்பழம் பாக்கெட் போடுகிற கம்பெனியில் மெஷின் பார்த்தவர். இப்போது எம்.ரெட்டியபட்டியில் பட்டறை வைத்திருக்கிறார். பெருமை பேசுவதில் இந்த வட்டாரத்தில் எனக்கு அடுத்தபடி அவர்தான். அரபிக்காரனே என்னைக் கேட்டுத்தான் சுவிட்ச் போடுவான் என்பார்.

அரைக்கும்போது உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்ததாகவும், பேரிங்தான் கோளாறோ என்று மெஷினைக் கழற்றிக் கழற்றிப் பார்த்ததாகவும் சொன்னார். சண்முகத்தாய் முந்தானையில் முடிந்து வைத்திருந்த கறுப்புக் கல்லை அவிழ்த்துக் கொடுத்தாள். மெஷினுக்குள் உமியை உரசி எடுக்கிற கல்தான் உடைந்து விழுகிறதா என்று கேட்டாள்.

பாய் அதை இடுக்கியில் பிடித்து, ஒரு தீக்குச்சியைக் கொளுத்திக் கீழே காட்டினார். கல் லேசாக இளகியது. வாசம் வந்தது. மோந்து பார்ப்பதற்கு என் மூக்கே தேவையில்லை. ரோடு போடும்போது வருகிற அதே வாசம்.

"அண்ணாச்சி, இது என் மெஷின் போட்டதில்ல. நம்ம ரோடு போட்டது."

விஷயம் தெரியாத வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கதிரடிப்பது தார் ரோட்டில்தான். அறுத்த கதிரை ரோட்டில் பரப்பிவிட்டு, இரண்டு பக்கமும் கல்லை வைத்துவிட்டு, ஓரத்தில் உட்கார்ந்துகொள்வோம். பஸ், லாரி, ஷேர் ஆட்டோ எல்லாம் ஏறி மிதித்துவிட்டுப் போகும். மாட்டுக்குத் தீனி போட வேண்டாம், ஆளுக்குக் கூலி வேண்டாம். டிரைவர்கள் திட்டுவார்கள். நாமும் பதிலுக்குக் கையைக் காட்டிச் சிரித்துவிட்டால் போய்விடுவார்கள்.

கோயில் பொங்கலுக்கான கதிரை மட்டும் கண்ட வண்டியும் மிதிக்கக் கூடாது என்று, என் லாரியையே முன்னும் பின்னும் ஓட்டச் சொல்லி அடித்துக்கொடுத்தேன். சாமி காரியமல்லவா. புது டயர். அந்தக் கனத்தில் தார் இன்னும் நன்றாகப் பெயர்ந்துவிட்டது என்று இரண்டு பேர் ஊருக்குள் பேசினார்கள். அவர்கள் பேரை இங்கே எழுதிப் பெருமைப்படுத்த மாட்டேன்.

கல் என்றால் முறத்தில் புடைத்தால் போய்விடும், சல்லடையில் நின்றுவிடும் என்று நினைப்பீர்கள். இது குதிரைவாலி அளவிலேயே இருக்கிற பொடிக்கல். வெளியூர்ப் பெரிய மில்லில் கல்லை எடுக்கவே தனி மெஷின் உண்டு. அதனால் இத்தனை வருஷமாக வியாபாரி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்களுக்கும் தெரிந்ததில்லை. எப்படித் தெரியும்? விளைவித்ததை விற்றோமே தவிர, ரோடு வந்த நாளிலிருந்து நாங்கள் அதைத் தின்று பார்த்ததே இல்லை.

அதை நினைத்தபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ரொம்ப நேரம் இல்லை. உடனே சண்முகத்தாயிடம், நீ கவலைப்படாதே, கல் எடுக்கிற மெஷினுக்கும் நானே அலைந்து வாங்கித் தருகிறேன் என்றேன்.

அவள் மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். "கல்லை எடுக்க மெஷின் எதுக்கு மாமா? கல்லைப் போடாம இருந்தாப் போதாதா?"

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

சாணிக்குப் போன கதை

ஊர்க் கடைசியில் பழைய களம் ஒன்று கிடந்தது. ரோடு வந்த பிறகு யாரும் அந்தப் பக்கம் போகாமல், சீமைக்கருவேலம் மண்டிப் பன்றி படுக்கிற இடமாகிவிட்டது. பெரும்பாலானவர்களின் கதிர் இன்னும் அடிக்காமல் காட்டில் கட்டுக்கட்டாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வியாபாரி லோடு ஏற்ற வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் களம் தயாரானால் தவசம் ஊரில் தங்கும். இல்லாவிட்டால் எல்லாரும் வழக்கம்போல ரோட்டில் அடித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

சண்முகத்தாய் அதற்குள் வேன் டிரைவரையும் பார்த்துப் பேசியிருக்கிறாள். அவர் நல்ல மனுஷன். அடுத்த திங்கட்கிழமை வரை சீட்டை வைத்திருப்பதாகவும், அதற்கு மேல் முடியாது என்றும் சொன்னாராம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. என் வீட்டுக்காரி சொன்னாள். சொன்ன தோரணையில் எனக்குக் காப்பி இறங்கவில்லை.

நான் இறங்கினால் வேலை எப்படி நடக்கும் என்று இந்த வட்டாரத்துக்கே தெரியும். கருவேலத்தை வேரோடு பிடுங்கினோம். கண்மாய் வண்டலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் தட்டினோம். தரை பலகை மாதிரி ஆனது. அப்புறம் சாணியால் மெழுக வேண்டும். அப்போதுதான் மண் தவசத்தில் ஒட்டாது.

ஊர் முழுக்கத் தேடியும் சாணி ஒரு மூலைக்குக்கூடக் காணாது. எங்கள் ஊரில் ஆடுதான். மாடு எல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆட்டுப் புழுக்கையை வைத்துக் களம் மெழுக முடியுமா?

பரளச்சியில் என் சம்பந்தி வீட்டில் மாடு நிறைய. என் மகனுக்குப் பெண் கொடுத்தவர். கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார். ஆனால் கேட்டதற்கு அப்புறம் சும்மாவும் இருக்க மாட்டார். சண்முகத்தாயையும் காதர் பாயையும் கூட்டிக்கொண்டு போனேன். மோர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் மீசையைத் தடவிக்கொண்டார்.

"என்ன சம்பந்தி, உப்பைத் தவிர எதுவும் வெளிய இருந்து வராதுன்னு மைக்குல பேசுனீகளாமே. இப்ப உப்பும் சாணியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. வேறு யாராவது என்றால் எழுந்து வந்திருப்பேன். பெண் எடுத்த வீடு. மோரைக் குடித்தேன்.

சண்முகத்தாய்தான் பேசினாள். "பெரியப்பா, ஒங்க ஊர்லயும் ரோட்டுலதான அடிக்கீக? ஒங்க அரிசியை ஒரு வாய் தின்னு பாத்துருக்கீகளா?"

சம்பந்தி யோசித்தார். அவரும் தின்று பார்த்ததில்லை.

பிறகு அவள் நிதானமாக எடுத்துச் சொன்னாள். எங்கள் ஊர்த் தவசம் மட்டும் என்றால் மெஷின் சித்திரைக்கு முன்பே சும்மா நின்றுவிடும். பரளச்சித் தவசமும் வந்தால் வருஷம் முழுக்க ஓடும். சாணி அவர்களுடையது, களமும் அரவையும் எங்களுடையது. அவர்கள் கதிரையும் இதே களத்தில் அடித்துக்கொள்ளலாம். பரளச்சியில் எள்ளுக்குச் செக்கு வைத்தால் நாங்கள் எள்ளை அங்கே கொண்டுபோவோம்.

தன்னிறைவு என்றால் ஊரைச் சுற்றி வேலி போடுவது என்று நான் நினைத்திருந்தேன் போலிருக்கிறது. நாலு ஊர் சேர்ந்தால்தான் ஒரு ஊர் நிறையும் என்று திரும்பி வரும்போது காதர் பாயிடம் விளக்கிச் சொன்னேன். "இப்பத்தான் அந்தப் புள்ள சொல்லுச்சு அண்ணாச்சி" என்றார் அவர். டிராக்டர் டிரெய்லர் நிறையச் சாணியோடு வந்தோம். வழியில் எங்களை முந்திய பஸ்கள் எல்லாம் வேகமாக முந்தின.

ஷேர் ஆட்டோ சவாரி

களம் மெழுகிக் காய்ந்தது. கதிரை வட்டமாகப் பரப்பினோம். மிதிப்பதற்கு என்ன வழி? சாணி கொண்டுவந்த டிராக்டர் அன்றைக்கே நரிக்குடிக்கு நெல் வேலைக்குப் போய்விட்டது. என் லாரியைக் கொண்டுவரட்டுமா என்றேன். அத்தனை பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். அப்போதுதான் ரோட்டில் முனியாண்டியின் ஷேர் ஆட்டோ போனது. கனம் குறைவு, சின்ன வட்டத்தில் திரும்பும், டயரும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. கையைக் காட்டி நிறுத்தியது நான்தான். இதை யாரும் மறுக்க முடியாது.

முனியாண்டி கதிரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வண்டியில் சவாரி இருக்கிறது என்றான். சண்முகத்தாய் தண்ணீர்க் குடத்தோடு வந்து முதலில் டயரைக் கழுவச் சொன்னாள். ஒரு பொடிக்கல் களத்துக்குள் வரக் கூடாது. என் செருப்பையும் வெளியே விடச் சொன்னாள். விட்டேன்.

வண்டிக்குக் கனம் வேண்டும் என்று குழுப் பெண்கள் ஐந்து பேரும் ஏறிக்கொண்டார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்த ஒரு பெரியவர் இறங்கவில்லை. ஆட்டோ சுற்ற ஆரம்பித்தது. கதிர் சரசரவென்று நொறுங்கியது. வைக்கோல் வாசத்தோடு புழுதி பொன்னாகக் கிளம்பியது. பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். சண்முகத்தாய் சிரித்ததை அந்த வாரத்தில் அப்போதுதான் பார்த்தேன். சுற்றிச் சுற்றி எல்லாருக்கும் தலை கிறுகிறுத்தபோது, உள்ளே இருந்த பெரியவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏப்பா முனியாண்டி, எம்.ரெட்டியபட்டிக்கு ரோட்டை மாத்திட்டாகளா?"

களத்தில் நின்றவர்கள் சிரித்து உட்கார்ந்துவிட்டார்கள். முனியாண்டி வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று.

சாயங்காலக் காற்றில் தூற்றினோம். ஞாயிறு காலையில் மெஷின் ஓடியது. டிக் டிக் இல்லை. காதர் பாய் காதை வைத்துக் கேட்டுவிட்டு, பேரிங் சரியாகத்தான் இருக்கிறது, நான் அப்போதே சொன்னேன் என்றார்.

வெள்ளையாக அரிசி விழுந்தது. குடோன் வாசலில் ஊரே நின்றது. களத்தில் அடித்த தவசத்தைச் சாக்கில் வைத்திருந்தவர்கள் மெஷினையும் பார்த்தார்கள், ரோட்டில் வியாபாரியோடு வந்து நின்ற லாரியையும் பார்த்தார்கள். அது என் லாரிதான். வியாபாரி வாடகைக்கு எடுத்திருந்தார்.

அரிசியை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்க யாராவது வேண்டும். நான் கையை நீட்டினேன். என் வாயை அன்றைக்கு யாரும் நம்பத் தயாராக இல்லை. என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டார்கள். எனக்காக அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை என்பது ஊருக்குத் தெரியும்.

ஒரு கை அள்ளி வாயில் போட்டாள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டியது. மென்றாள். மாவாகும் வரை மென்றாள். ஒரு சத்தமும் இல்லை. சண்முகத்தாய் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் கடைசியில். "ஆனா வேக வச்சுத் திங்கணும்."

முதல் சாக்கு உள்ளே வந்தது. அப்புறம் வரிசை குடோனைச் சுற்றி நின்றது. களத்துக்கும் முறை கேட்டு ஆட்கள் வந்தார்கள். மத்தியானம் என் லாரி டிரைவர் வந்து, வியாபாரி கிளம்பிவிட்டார், லோடு இல்லை, என்ன செய்ய என்று கேட்டான். உன் வீட்டில் கதிர் இருந்தால் களத்தில் அடித்து ஒரு மூடை எடுத்து வந்து வரிசையில் நில் என்றேன்.

திங்கட்கிழமை விடியற்காலை வழக்கம்போல வேன் வந்து ஹாரன் அடித்தது. ராத்திரியே களத்தில் அடித்த பரளச்சி மூடைகளும் வந்து சேர்ந்திருந்ததால் நானும் குடோனில்தான் நின்றேன். சண்முகத்தாய் தலைமுடியெல்லாம் உமியோடு ரோட்டைக் கடந்து போனாள்.

"அண்ணே, எங்க அஞ்சு சீட்டையும் வேற ஆளுக்குக் குடுத்துருங்க. நாங்க வரல."

டிரைவர் அவளையும், பின்னால் கிடந்த மூடைகளையும் பார்த்தார். சந்தோஷம் தாயி, இனிமேல் இங்கே நின்று ஹாரன் அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் அதே இடத்தில் ஹாரன் விடாமல் அடித்தது. சண்முகத்தாய் பதறிப்போய் ஓடினாள். வேனுக்குள் இருந்த பெண்கள் ஜன்னல் வழியாகப் பையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். டிரைவரும் ஒரு பையை நீட்டினார். அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை வியாதியாம். எல்லாருக்கும் குதிரைவாலி அரிசி வேண்டுமாம்.